புயலுக்குப் பின் ஒரு பாறை
ஓவியர் குஸ்தாவ் கூர்பேயின் கலையும் வாழ்வும்

(கலை பற்றிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று ஒரே ஒரு சித்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சித்திரத்தில் மன்னர் இல்லை, மாவீரர் இல்லை, தேவதைகள் இல்லை. ஒரு வெள்ளைச் சுண்ணப் பாறை, கூழாங்கல் நிறைந்த கரை, கரைமேல் இழுத்து வைத்த படகுகள், ஒரு பக்கம் கடல், மேலே வானம். அவ்வளவுதான்.

இதைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இன்னும் சிலர் வேறொரு கேள்வி கேட்பதுண்டு. "உழைப்பாளியின் வாழ்வைத் தீட்டும் ஓவியனைப் போற்றுகிறோம், சரி. மலையையும் கடலையும் வரைகிறவனால் யாருக்கு என்ன லாபம்? அது பணக்காரன் வீட்டுக் கூடத்துக்கு அலங்காரம்தானே?" என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகவே இந்தச் சித்திரத்தை நான் எடுத்துக் கொண்டேன்.

சித்திரத்தின் பெயர் "புயலுக்குப் பின் எத்ரத்தா பாறை". கித்தான் துணிமீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. உயரம் 133 சென்டிமீட்டர், அகலம் 162 சென்டிமீட்டர். 1870-ஆம் ஆண்டில் பாரிஸ் மக்களின் பார்வைக்கு வந்தது. பாரிஸில் ஸீன் நதிக்கரையில் பழைய ரயில் நிலையம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றி 1986-இல் திறந்தார்கள். ஓர்சே கலைக்கூடம் என்று அதற்குப் பெயர். இந்தப் படம் அங்கே இருக்கிறது. தீட்டியவர் குஸ்தாவ் கூர்பே.

கலையிலும் சாதி உண்டு

கூர்பே காலத்துப் பிரான்ஸில் ஓவியக் கலையை ஆண்டது அரசாங்கக் கலைக் கழகம். அந்தக் கழகத்துக் கனவான்கள் ஓவியங்களுக்குள்ளே மேல் கீழ் என்று படிநிலை வகுத்து வைத்திருந்தார்கள். சரித்திர வீரர்களையும் புராண தெய்வங்களையும் வரைவது மேலான கலை. அதற்குக் கீழே மனிதர்களின் உருவப்படம். அதற்கும் கீழே சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கை. இயற்கைக் காட்சி இன்னும் கீழே. பழம், பாத்திரம், பூ இவற்றை வரைவது கடைசிப் படி.

இயற்கைக் காட்சிக்கு மதிப்பு வேண்டுமானால் அதற்கு ஒரு வேஷம் கட்ட வேண்டும். நாலு மரங்களை வரைந்தால், அவற்றுக்கு நடுவே ஒரு கிரேக்கக் கோயிலையோ குளிக்கும் வனதேவதையையோ நிறுத்த வேண்டும். இதற்குச் "சரித்திர இயற்கைக் காட்சி" என்று பெயர். இதற்காகவே 1817-இல் ஒரு தனிப் பரிசு ஏற்படுத்தினார்கள். வென்றவரை அரசாங்கச் செலவில் ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். 1863-இல்தான் அந்தப் பரிசு ஒழிந்தது.

இதன் பொருள் என்ன? மண்ணுக்குத் தன்னளவில் மதிப்பில்லை. தெய்வமோ மன்னரோ அதன்மேல் நின்றால்தான் மதிப்பு. நிலத்தைப் பற்றி அந்த நாளைய நிலப்பிரபு எப்படி நினைத்தானோ, அப்படியே கலைக் கழகமும் நினைத்தது.

இதை எதிர்த்தவர்கள் கூர்பேக்கு முன்பே இருந்தார்கள். தெயோதோர் ரூஸோ என்ற ஓவியர் பார்பிஸோன் கிராமத்தில் வாழ்ந்து காட்டையும் மரங்களையும் உள்ளபடி வரைந்தார். அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கண்காட்சிக்குச் சலோன் என்று பெயர். ஓவியனுடைய பிழைப்பே சலோனின் வாசலில் தொங்கிக் கொண்டிருந்தது. உள்ளே இடம் கிடைத்தால் பெயர், விலை, வாடிக்கை எல்லாம் வரும். கிடைக்காவிட்டால் பட்டினி.

ஒர்னான் தந்த ஓவியன்

கூர்பே 1819 ஜூன் 10-ஆம் தேதி கிழக்குப் பிரான்ஸில் ஒர்னான் என்ற சிற்றூரில் பிறந்தார். சுவிட்ஸர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள பிரதேசம் அது. ஊருக்கு நடுவே லூ என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இரு புறமும் சுண்ணாம்புக் கல் மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. தகப்பனார் நிலம் உள்ள விவசாயி. தாய்வழிப் பாட்டனார் 1789 புரட்சியைத் தம் கண்ணால் கண்ட பழைய குடியரசுவாதி.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. 1839-இல் பாரிஸுக்கு வந்த கூர்பேயோ, லூவர் கலைக்கூடத்தில் பழைய ஆசான்களின் படங்களைப் பார்த்து எழுதித் தாமாகவே கலையைக் கற்றார். 1849 சலோனில் ஒர்னான் ஊர் வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை வரைந்த படம் தங்கப் பதக்கம் பெற்றது. அரசாங்கமே அதை வாங்கியது.

பதக்கம் வாங்கிய கை அதற்குப் பிறகு என்ன செய்தது? அதே 1849-இல் சாலையோரத்தில் கல் உடைக்கும் இருவரைத் தீட்டியது. ஒருவர் கிழவர், ஒருவன் பையன். கிழவருக்கு இதற்கு மேல் முதுகு வளையாது. பையனுக்கு இன்னும் அந்தக் கல்லைத் தூக்கும் வலு வரவில்லை. இருவர் முகமும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஒரு தொழிலின் தொடக்கமும் முடிவும் ஒரே படத்தில்! "கல் உடைப்போர்" என்ற அந்தச் சித்திரம் 1945-இல், இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஜெர்மனியில் அழிந்து போயிற்று. நமக்கு மிஞ்சியது புகைப்படங்கள்தான்.

"கல் உடைப்போர்" 1850-51 சலோனில் வைக்கப்பட்டபோது, கூடவே "ஒர்னானில் ஒரு சவ அடக்கம்" என்ற படமும் வந்தது. அகலம் ஆறரை மீட்டருக்கும் மேல். அத்தனை பெரிய துணியைச் சக்கரவர்த்திகளின் பட்டாபிஷேகத்துக்கு என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கூர்பே அதில் ஊர் ஜனங்களை, ஏறக்குறைய ஆளுயரத்தில், வரிசையாக நிறுத்தினார். பாரிஸ் சீமான்கள் முகம் சுளித்தார்கள். அவலட்சணம் என்றார்கள். 1848 புரட்சியின் நினைவு ஆறாத காலம் அது. கிராமத்து முகங்கள் அத்தனை பெரிதாக நிற்பதைக் காண அவர்களுக்குப் பயமாகவும் இருந்தது.

1851 டிசம்பரில் லூயி போனபார்ட் குடியரசைக் கவிழ்த்தார். அடுத்த ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் சக்கரவர்த்தி ஆனார். புதிய அரசாங்கம் கூர்பேயை அடக்கப் பார்க்கவில்லை. வாங்கப் பார்த்தது. கலைத்துறை அதிகாரி அவரை விருந்துக்கு அழைத்தார். 1855 உலகக் கண்காட்சிக்குப் பெரிய படம் ஒன்று வரைந்து தரும்படி கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: முன்கூட்டியே மாதிரி வரைந்து காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். என் படத்துக்கு நானே நீதிபதி என்று சொல்லிக் கூர்பே எழுந்து வந்துவிட்டார்.

1855-இல் அவருடைய மிகப் பெரிய படங்களை நடுவர்கள் தள்ளினார்கள். கூர்பே கண்காட்சி மைதானத்துக்கு அருகிலேயே சொந்தச் செலவில் ஒரு கொட்டகை போட்டு, சுமார் 40 படங்களைத் தொங்கவிட்டு, வாசலில் "யதார்த்தவாதம்" என்று பலகை எழுதி வைத்தார். கட்டணம் கொடுத்து வந்த கூட்டம் பெரிதாக இல்லை. ஆனால் அரசாங்கத்தின் தயவு இல்லாமல் ஒரு ஓவியன் ஜனங்களிடம் நேராகப் போகலாம் என்ற வழி திறந்தது. பின்னாளில் 1874-இல் மோனேயும் அவருடைய நண்பர்களும் தனிக் கண்காட்சி நடத்தியபோது நடந்தது அந்த வழியில்தான்.

பாறையைக் கத்தியால் கட்டினார்

கல் உடைப்பவர்களை வரைந்த கூர்பே, பிறகு ஏன் பாறைக்கும் அலைக்கும் போனார்? கொள்கையை விட்டுவிட்டாரா?

அவருடைய படங்களில் பெரும்பகுதி இயற்கைக் காட்சிகளே. லூ ஆறு குகையிலிருந்து பீறி வரும் இடத்தை 1864-இல் அவர் பல முறை தீட்டினார். ஃபிளாஜே கிராமத்தில் குடும்ப நிலத்துக்கு அருகே நின்ற கருவாலி மரத்தையும் அந்த ஆண்டில்தான் தீட்டினார். அந்த மரத்தின் கதை சுவையானது. பழைய கால் இன வீரர் வெர்சிங்கெதோரிக்ஸ் ரோமானியரோடு கடைசிப் போர் செய்த அலேசியா எது என்று அப்போது பெரிய சர்ச்சை. சக்கரவர்த்தி அது பர்கண்டிப் பிரதேசத்தில் இருந்ததென்று ஆராய்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். கூர்பேயின் ஊர்க்காரர்களோ அது எங்கள் பக்கத்து ஊர்தான் என்றார்கள். பிற்கால ஆராய்ச்சி பர்கண்டியையே ஒப்புக்கொண்டது, அது வேறு விஷயம். கூர்பே தம் ஊர் மரத்துக்கு அந்த வீரரின் பெயரைச் சூட்டி 1867-இல் காட்சிக்கு வைத்தார். படத்தில் இருப்பது ஒரு மரம். அதன் பெயரில் இருப்பது சக்கரவர்த்திக்கு ஒரு பதில்! வெளிநாட்டுக்குப் போயிருந்த அந்தப் படத்தை 2013-இல் 40 லட்சம் யூரோ கொடுத்து ஒர்னான் ஊருக்கு மீட்டுக் கொண்டு வந்தார்கள். அந்தத் தொகையில் பொதுமக்கள் போட்ட நன்கொடையும் உண்டு.

இனி நம் பாறைக்கு வருவோம். 1869 கோடையின் இறுதியில் கூர்பே வடக்குப் பிரான்ஸில் நார்மண்டிக் கரையிலுள்ள எத்ரத்தாவுக்குப் போனார். அங்கே கடல் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணப் பாறையைக் குடைந்து பெரிய வளைவுகளை உண்டாக்கியிருக்கிறது. பாறையின் குறுக்கே கரும் சிக்கிமுக்கிக் கல் அடுக்கு அடுக்காக ஓடுகிறது. எத்ரத்தாவுக்குத் துறைமுகம் கிடையாது. மீனவர்கள் தங்கள் படகுகளைக் கரையில் நட்ட சுழல் மரங்களில் கயிறு சுற்றி, பலர் சேர்ந்து, கூழாங்கல் மேட்டின்மேல் இழுத்து ஏற்றுவார்கள். அந்த நாளில் பாரிஸ் பணக்காரர்கள் கடல் நீராட வந்து மாளிகைகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கூர்பே தங்கியது கடலுக்கு எதிரே, பாறையின் அடியில் இருந்த ஒரு வீட்டில்.

அங்கே அவர் வேலை செய்ததை ஒரு இளைஞர் பார்த்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிறுகதை ஆசிரியர் மாப்பசான். 1886-இல் அவர் அதை நினைவுகூர்ந்து எழுதினார். பெரிய வெறும் அறை. தடித்த மனிதர் ஒருவர், அழுக்கும் எண்ணெயுமாக, சமையலறைக் கத்தியால் வெள்ளை வண்ணத்தை அள்ளித் துணியின்மேல் அப்புகிறார். நடு நடுவே எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பதித்து வெளியே புயலைப் பார்க்கிறார். அலைத் திவலை கண்ணாடியில் வந்து அடிக்கிறது. திரும்பி வந்து மீண்டும் வேலை.

மாப்பசான் கண்டது அலையைத் தீட்டிய காட்சி. அந்த அலைப் படமும் நம் பாறைப் படமும் ஒரே பருவத்தில் பிறந்த இரட்டைகள். அலைப் படத்தில் புயல் அடிக்கிறது. பாறைப் படத்தில் புயல் ஓய்ந்திருக்கிறது. மழை கழுவிவிட்ட காற்று தெளிவாக இருக்கிறது. பாறையின் ஒவ்வொரு மடிப்பும், அதன் உச்சியில் உள்ள புல்லும், ஈரக் கரையும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இதை அவர் எப்படிச் செய்தார்? கழகத்து ஓவியர்கள் தூரிகையின் தடம் தெரியாதபடி மழுமழுவென்று தீட்டுவார்கள். கூர்பே பெரும்பாலும் துணிக்கு முதலில் கரும் வண்ணம் பூசுவார். அந்த இருட்டிலிருந்து படிப்படியாக வெளிச்சத்துக்கு ஏறி வருவார். பாறை வருமிடத்தில் கத்தியால் வண்ணத்தை அப்பி, இழுத்து, சுரண்டிக் கட்டுவார். கொத்தனார் கரணையால் சுண்ணாம்பை இழுக்கிற மாதிரி. கல்லின் கனமும் சொரசொரப்பும் அந்த வண்ணத்திலேயே இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவருக்கு எத்ரத்தாவின் பாறை அந்நியமானதல்ல. அதன் கட்டுமானத்தைக் கை அறியும்.

இந்தப் படத்தில் கதை சொல்ல யாரையும் முன்னால் நிறுத்தவில்லை. கரையில் படகுகள் மட்டும் இருக்கின்றன. புயலுக்கு அஞ்சி யாரோ பாடுபட்டு அவற்றை மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கடல் அமைதியானதும் அவர்கள் வந்து அவற்றைக் கடலில் தள்ளுவார்கள். அதைப் படம் உரக்கச் சொல்வதில்லை. படகை அதன் இடத்தில் சரியாக வைத்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

ஆகவே கூர்பே கொள்கையை விடவில்லை. கல் உடைப்போரைத் தீட்டிய கண்ணும் இந்தக் கல்லைத் தீட்டிய கண்ணும் ஒன்றே. ஏழையின் முகத்துக்குத் தேவதையின் சாயம் பூசாதவர், பாறைக்கும் கோயில் வேஷம் கட்டவில்லை.

பதக்கம் வேண்டாம்!

1870 சலோனில் பாறையும் அலையும் சேர்ந்து தொங்கின. பெரும் வெற்றி. இருபது ஆண்டுகளாக ஏசியவர்களே பாராட்டினார்கள். இயற்கைக் காட்சியில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று சர்க்கார் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த ஜூன் மாதமே "லெஜியோன் தோனர்" என்ற உயர்ந்த விருதை அறிவித்தார்கள்.

கூர்பே மறுத்தார். மந்திரிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கலை விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அரசாங்கத்துக்கு அருகதை இல்லை, அது கலைஞனுக்குப் பரிசு கொடுக்க வருவது பொதுமக்களின் ரசனையைத் தன் கைக்குள் போட்டுக் கொள்ளவே, எனக்கு ஐம்பது வயதாகிறது, சுதந்திரமாகவே வாழ்ந்தேன், அப்படியே முடிய விடுங்கள் என்பது அதன் சாரம். அந்த மாதத்தில்தான் இளம் ஓவியர் மோனேயின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இளைஞர்களுக்கு அவர் அப்போது பெரிய அண்ணன்.

ஒரே மாதத்தில் யுத்தம் வந்தது. பிரஷ்யாவுடன் மோதிய சக்கரவர்த்தி செப்டம்பரில் சிறைப்பட்டார். பாரிஸில் குடியரசு பிரகடனமாயிற்று. ஓவியர்கள் கூடிக் கலைச் செல்வங்களைக் காக்கும் குழுவுக்குக் கூர்பேயைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்தூபியும் கம்யூனும்

பாரிஸில் வாந்தோம் சதுக்கத்தில் 44 மீட்டர் உயரமுள்ள ஒரு ஸ்தூபி உண்டு. முதலாம் நெப்போலியன், எதிரிகளிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி, 1810-இல் கட்டி முடித்தது. உச்சியில் அவர் சிலை. கூர்பே 1870 செப்டம்பரில் புதிய அரசாங்கத்துக்கு ஒரு மனுப் போட்டார். யுத்தத்தையும் ஆக்கிரமிப்பையும் புகழும் இந்த ஸ்தூபி குடியரசுக்கு ஒவ்வாது, இதன் ஆணிகளைக் கழற்றிப் பிரித்து வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கேட்டது. பிரித்து எடுக்கச் சொன்னார் என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஒரு சொல் பின்னால் முக்கியமாகிறது.

1871 மார்ச் 18-இல் பாரிஸ் உழைப்பாளிகள் நகரத்தைத் தங்கள் கையில் எடுத்துக் கொண்டார்கள். பாரிஸ் கம்யூன் பிறந்தது. ஓவியர்கள், சிற்பிகள், அலங்காரத் தொழிலாளர்கள் எல்லோரும் கூடிக் கலைஞர் சம்மேளனம் அமைத்தார்கள். அதன் அறிக்கையை எழுதியவர் யூஜின் பொத்தியே. பிற்பாடு "சர்வதேச கீத"த்தை இயற்றியவர் இவரே. கலையைச் சர்க்காரின் பிடியிலிருந்து விடுவித்துக் கலைஞர்களே நிர்வகிப்பது அதன் கொள்கை. அந்தச் சம்மேளனத்துக்குத் தலைவர் கூர்பே. அவர் விருதை மறுத்துக் கடிதம் எழுதி ஓராண்டு கூட ஆகவில்லை. தனி மனிதன் சொன்னதை இப்போது ஒரு சங்கம் சொன்னது.

ஸ்தூபியைத் தகர்க்கும் உத்தரவைக் கம்யூன் ஏப்ரல் 12-இல் போட்டது. கூர்பே கம்யூன் சபைக்கு உபதேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏப்ரல் 16-இல்தான். உத்தரவு போட்டபோது அவர் சபையிலேயே இல்லை. மே 16-இல் பெருங்கூட்டத்துக்கு நடுவே ஸ்தூபி விழுந்தது. சபைக்குள் அவர் சிறுபான்மைத் தரப்போடு நின்றார். சர்வாதிகாரம் கொண்ட பொதுநலப் பாதுகாப்புக் குழு அமைப்பதை எதிர்த்து வாக்களித்தார். அவர் புரூதோனின் நண்பர், பழைய கற்பனாவாத சோஷலிசத்தின் பிள்ளை. அவரைத் தேர்ந்த அரசியல் தலைவர் என்று யாரும் சொல்ல முடியாது. தற்பெருமையும் அவருக்கு அதிகம். ஆனால் சோதனை வந்த நேரத்தில் ஊரை விட்டு ஓடாமல் நின்றார்.

மே மாதக் கடைசி வாரத்தில் வெர்சேல்ஸ் படைகள் பாரிஸுக்குள் புகுந்தன. ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 7-இல் கூர்பே கைதானார். செப்டம்பரில் ராணுவ நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் 500 பிராங்கு அபராதமும் விதித்தது. செயின்ட் பெலாஜி சிறையில் இருந்தபோது பழங்களையும் பூக்களையும் தீட்டினார்.

பலர் உயிரையே இழந்த வேளையில் ஆறு மாதம் என்பது லேசான தண்டனை. உண்மையான தண்டனை பிறகு வந்தது. 1872 சலோனுக்கு அவர் அனுப்பிய படங்களை நடுவர்கள் திருப்பினார்கள். மெய்சோனியே என்ற புகழ்பெற்ற ஓவியர்தான் அதற்கு முன்னின்றார். படத்தின் தரத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை, ஆளைப் பற்றித்தான். 1873 மே மாதத்தில், ஸ்தூபியை மறுபடி எழுப்ப வேண்டும், செலவைக் கூர்பே தலையில் கட்ட வேண்டும் என்று தேசிய சபை தீர்மானித்தது. ஒரு நகரத்து ஜனங்கள் செய்ததற்கு ஒரே ஒரு ஓவியன் பில் கட்ட வேண்டும்! ஜூலை 23-இல் அவர் எல்லையைக் கடந்து சுவிட்ஸர்லாந்துக்குப் போனார். பிரான்ஸுக்கு உயிரோடு திரும்பவில்லை.

கடனுக்காக வரைந்த ஏரிகள்

ஜெனீவா ஏரிக்கரையில் லா தூர் த பே என்ற ஊரில் குடியேறினார். பிரான்ஸில் அவருடைய சொத்தும் படங்களும் ஜப்தியாயின. ஏரியையும் ஆல்ப்ஸ் மலையையும் ஷியோன் கோட்டையையும் திரும்பத் திரும்பத் தீட்டினார். இங்கே ஒரு கசப்பான விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடனைக் கட்ட வேண்டிய நெருக்கடியில் உதவியாளர்களை வைத்து விற்பனைக்காக வேகவேகமாகப் படங்கள் தயாரித்தார். பாதா என்ற உதவியாளர் வரைந்த எத்தனையோ படங்கள் கூர்பேயின் கையெழுத்தோடு வெளியே போயின. எது அவர் கை, எது உதவியாளர் கை என்று அறிஞர்கள் இன்றைக்கும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள். குடியும் உடம்பைத் தின்றது.

எத்ரத்தா பாறையை வரைந்தவர் எந்தப் பதக்கத்துக்கும் கட்டுப்படாதவர். ஏரிக்கரையில் வரைந்தவருக்கோ ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு கடன்காரன் நின்றான். மலையும் தண்ணீரும் இரண்டிலும் உண்டு. கலைஞனின் கையைச் சந்தை எப்படி முறுக்குகிறது என்பதற்கு, ஒரே மனிதரின் இந்த இரண்டு காலத்துப் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கை முழுதும் சாகவில்லை. 1878 உலகக் கண்காட்சிக்கு என்று ஆல்ப்ஸ் மலையின் பெருங்காட்சி ஒன்றைத் தொடங்கினார். அகலம் இரண்டு மீட்டருக்கு மேல். அது முடிவு பெறாமலே நின்றுவிட்டது. இன்று அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

1877 மே மாதத்தில் கணக்கு முடிவாயிற்று. ஸ்தூபிச் செலவு 3,23,091 பிராங்கு 68 சென்டிம். அந்த 68 சென்டிமைக் கூட விடவில்லை பாருங்கள்! வருஷத்துக்கு 10,000 பிராங்கு வீதம் 33 வருஷத் தவணை. கடைசித் தவணை கட்டும்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். முதல் தவணை நாள் 1878 ஜனவரி 1. அதற்கு முந்தின நாள், 1877 டிசம்பர் 31-இல், 58-ஆவது வயதில் கூர்பே இறந்தார். ஒரு தவணை கூடக் கட்டவில்லை.

இறந்து ஐந்தே ஆண்டில், 1882-இல், பாரிஸ் கலைப் பள்ளியின் மாளிகையிலேயே அவருடைய படங்களுக்குப் பெருங்கண்காட்சி நடந்தது. கம்யூன் காலத்துக் கலைஞர்கள் ஒழிக்கச் சொன்ன அதே பள்ளி! அவருடைய தங்கை "சவ அடக்க"த்தைத் தேசத்துக்கு அளித்தார். 1919-இல் அவர் அஸ்தியை ஒர்னானுக்குக் கொண்டு வந்தார்கள். வாந்தோம் ஸ்தூபியும் மறுபடி எழும்பி இன்றும் நிற்கிறது.

கேள்விக்கு விடை

இனி நம் முதல் கேள்வி. பாறையை வரைவதால் யாருக்கு என்ன லாபம்?

இந்தப் படம் ஸ்தூபியை வீழ்த்தவில்லை. கம்யூனை உண்டாக்கவில்லை. ஒரு படத்துக்கு அத்தனை சக்தி உண்டென்று சொல்பவர் கலையையும் அறியார், அரசியலையும் அறியார். ஆனால் உள்ளதை உள்ளபடி பார்க்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. ஒரு பாறையைப் பார்ப்பதற்குக் கூட நமக்கும் பாறைக்கும் நடுவே கழகத்தின் இலக்கணம், மன்னரின் ரசனை, சந்தையின் விலை எல்லாம் வந்து நிற்கின்றன. அவற்றை விலக்கிவிட்டுக் கல்லைக் கல்லாகவும் ஈரத்தை ஈரமாகவும் பார்க்கிறவன், மற்ற விஷயங்களையும் அப்படியே பார்க்கத் தொடங்குவான். கூர்பே நெப்போலியன் ஸ்தூபியைப் பார்த்தபோது பெருமையைக் காணவில்லை. உருக்கிய பீரங்கிகளைத்தான் கண்டார். எத்ரத்தாவில் பாறையைக் கண்ட கண்தான் அது.

ஆகவே நண்பர்களே, மலையோ கடலோ வயலோ வரைந்த ஒரு படத்தின் முன் நிற்கும்போது, "இதில் மனிதன் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்து விடாதீர்கள். இதை வரைந்தவன் அந்த இடத்தை உண்மையாகப் பார்த்தானா? யார் கண்ணுக்கு இதமாக இருக்க எதை மறைத்தான்? அங்கே வாழ்கிறவர்களின் உழைப்பின் தடம் எங்கேயாவது தங்கியிருக்கிறதா, கரையில் ஏற்றி வைத்த அந்தப் படகுகளைப் போல? இந்த மூன்றையும் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குத் தாங்கும் படத்தை மக்களின் சொத்தாகக் கொள்வோம்.